ஈட்டில் இருக்கும் நிலத்தில் ஒரு பங்கை விற்றல் – ஒரு வரலாற்றுப் பார்வை



பொன்விழா மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறும், பணிபுரிந்த குருக்களின் பெயர்களும், திருவிழாக்களின் நினைவுகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுத வல்லவர்கள் பலர் இம்மலரில் எழுதியுள்ளனர். நாமோ, நம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் சில பழைய பத்திரங்களைப் பற்றி எழுதப் புகுந்தோம். அது ஏன் என்று சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. ஒரு குடும்பம் மகளைக் கட்டிக் கொடுப்பதும், மகனைப் படிக்க வைப்பதும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் நிலத்தை ஈடு வைத்துத்தான் நடந்து வந்திருக்கிறது. அந்த ஈட்டை மீட்க வழியில்லாதபோது, நிலத்தில் ஒரு பங்கை விற்று மீதியைக் காப்பாற்றிக்கொள்வோம் என்ற எண்ணம் எழுவதும் இயல்பே. அப்படிச் செய்து கரையேறியவர்களும் உண்டு. விற்ற பங்கோடு விற்காத பங்கையும் இழந்தவர்களும் உண்டு. இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று. முறை தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்பதைப் பொறுத்தது. ஆகவே இம்முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதைச் சற்றே காண்போமாக.

ஜூபிலியும் நிலமும்

நாம் கொண்டாடும் ஜூபிலி என்ற சொல்லே நிலத்தோடு தொடர்புடையது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டு புனித ஆண்டாகக் குறிக்கப்படுகிறது. அந்த ஆண்டில், வறுமையால் கைமாறிய நிலம் அதற்குரிய குடும்பத்திடமே திரும்ப வேண்டும் என்பது கட்டளை. விலையைக் கூட, அடுத்த ஜூபிலி வரை எத்தனை அறுவடை எஞ்சியிருக்கிறது என்று எண்ணியே கட்ட வேண்டும். நிலத்தை விற்றல் என்பது அங்கே உண்மையில் விளைச்சலை விற்றலேயாகும். நம் ஊர் ஒற்றிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத்தக்கது.

அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தி உண்டு. சகோதரன் ஏழையாகித் தன் சொத்தில் ஒரு பகுதியை விற்க நேர்ந்தால், நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும். மீட்பவன் இல்லாமல், விற்றவனே பின்னர் வசதி பெற்றால், கழிந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு மீதித் தொகையைச் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம். முழுச் சொத்தையும் அன்று, ஒரு பகுதியை விற்பவனைப் பற்றியே திருநூல் பேசுகிறது என்பதை நினைவில் கொள்வோம். இன்றைக்கும் நம்மிடையே நடப்பது அதுதானே!

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரமும் இப்பொருளைத் தொடுகிறது. பஞ்ச காலத்தில் தானியம் வாங்க வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் ஈடு வைத்தோம் என்றும், அரசனுக்கு வரி கட்டவும் கடன்பட்டோம் என்றும் மக்கள் முறையிட்டனர். நெகேமியா கடன் கொடுத்தவர்களைத் தனியே பழித்துப் பேசிவிட்டு நின்றுவிடவில்லை. சபையைக் கூட்டி, அவர்களை நேருக்கு நேர் வைத்து, நிலங்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பித் தருமாறு கேட்டு, ஆணையிட்டு உறுதியும் பெற்றார். கடன் கொடுத்தவரோடு நேரில் பேசித் தீர்ப்பதற்கு இது ஒரு பழைய முன்மாதிரி.

பத்திரத்தின் அருமையைச் சொல்வது எரேமியா நூல். அனத்தோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்கிய இறைவாக்கினர், சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட படியையும் திறந்த படியையும் மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாக்கச் சொன்னார். நகரம் முற்றுகையில் இருந்த காலத்தில்கூடப் பத்திரத்தை ஒழுங்காக எழுதி வைத்தார் அவர். அமைதியான காலத்தில் வாழும் நாம் ‘பத்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பது முறையாகுமா?

ஒற்றி, போக்கியம், அடமானம்

நம் தமிழ் நிலத்தில் ஈட்டுக்குப் பல பெயர்கள் உண்டு. நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அவர் விளைச்சலை அனுபவிப்பது ஒற்றி அல்லது போக்கியம். நிலம் உரியவரிடமே இருக்க, கடனுக்கு மட்டும் அதைக் கட்டி எழுதுவது சாதாரண அடமானம். குறித்த நாளில் பணம் தராவிட்டால் நிலம் கிரயமாகிவிடும் என்று எழுதுவது ஒரு வகை. பத்திரத்தை மட்டும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பது பிற்காலத்தில் நகரங்களில் பரவி, இன்று வங்கிகள் பெரிதும் கையாளும் முறையாக உள்ளது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தபோது, அதனைப் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்டனர். அதில் ஒற்றி பற்றிய விதிகள் உள்ளன. நிலத்தை விற்க விரும்புபவர், வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பதோடு, பக்கத்து நிலத்துக்காரராயிருந்து அந்நிலத்தை ஈடாகப் பெற்றிருப்பவருக்கும் அறிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஈடு பெற்றவரை அறியாமல் மறைவில் விற்பது தகாது என்ற உணர்வு நம்மவரிடம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இது சான்று.

ஐரோப்பாவிலும் ஏழைகள் வட்டியால் நசுங்கிய காலம் இருந்தது. இத்தாலி நாட்டுப் பெரூஜியா நகரில் 1462இல், பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் ஏழைகளுக்கு அடகின்மேல் குறைந்த செலவில் கடன் தரும் அறநிலையம் தோன்றியது. அத்தகைய நிலையங்கள் தம் நடப்புச் செலவுக்கு ஒரு சிறு தொகை பெறுவது குற்றமான வட்டி ஆகாது என்று, பத்தாம் சிங்கராயர் பாப்பரசராயிருந்த காலத்தில் ஐந்தாம் லாத்தரன் சங்கம் 1515இல் தீர்மானித்தது. கடன் கொடுப்பதே பாவம் என்றோ, கடன் கொடுத்தவர் எல்லாரும் பகைவர் என்றோ திருச்சபை கூறவில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

மீட்கும் உரிமை எப்படி வந்தது?

குறித்த தேதியில் பணம் கட்டத் தவறினால் நிலம் போய்விடுமா? இந்தக் கேள்விக்கு இன்று நமக்குத் தெளிவான விடை உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது தெளிவாக இல்லை. வங்காளத்தில் 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி கடன்பட்டவருக்கு ஓராண்டுத் தவணை தந்தது. சென்னை மாகாணத்திலோ அத்தகைய விதி இல்லை. 1858 முதல் சென்னையின் உயர் நீதிமன்றங்கள், தேதி தவறினாலும் கடனைக் கட்டி மீட்கலாம் என்ற நியாயத்தைத் தாமாகவே கையாளத் தொடங்கின. ஆனால் பட்டாபிராமையருக்கும் வேங்கடராவ் நாயக்கருக்கும் நடந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றபோது, 1870இல், எழுதிய பத்திரத்தில் உள்ளபடியே நடக்க வேண்டும், தேதி தவறினால் கிரயந்தான் என்று தீர்ப்பாயிற்று. இதனால் சென்னை மாகாணமெங்கும் குழப்பம் நேர்ந்தது. 1875இல் வேறொரு சென்னை வழக்கில், சட்டம் இயற்றி இதைச் சீர்செய்வது நலம் என்று பிரிவி கவுன்சிலே கருத்துத் தெரிவித்தது.

அதன்பின் வந்ததே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அது 1882 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1929இல் பெரிய அளவில் திருத்தப்பட்டு இன்றும் அதுவே ஆட்சி செய்கிறது. அதன் 60ஆம் பிரிவு, கடன் கட்ட வேண்டிய காலம் வந்தபின், பணத்தைச் செலுத்திச் சொத்தையும் பத்திரங்களையும் திரும்பப் பெறும் உரிமையைக் கடன்பட்டவருக்கு வழங்கியது. இந்த உரிமையைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதிப் பறித்துவிட முடியாது. மீட்பதற்கான காலவரம்பு முன்பு 60 ஆண்டாக இருந்து, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தால் 30 ஆண்டாகியது. போக்கியத்தைப் பொறுத்தவரை, எழுதிய நாளிலிருந்தே அந்த 30 ஆண்டைக் கணக்கிட்டு மீட்கும் உரிமையை இல்லாமலாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. பாட்டனார் காலத்துப் போக்கியப் பத்திரம் வீட்டில் இருந்தால், அதைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம்.

கடன் சுமையும் அரசும்

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. நெல் விற்ற பணம் வட்டிக்கும் போதவில்லை. இராஜாஜி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அரசு 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் உழவர் பட்ட கடனுக்கு, 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையாயிருந்த வட்டி முழுவதும் தள்ளப்பட்டது. முதலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாயிற்று. அதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

இதற்கு முன்பே மற்றொரு வழியும் திறந்திருந்தது. பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, ஜெர்மன் நாட்டுக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் சென்னை அரசுக்கு அறிக்கைகள் அளித்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது. நிலத்தின் ஈட்டின்மேல் நீண்ட காலக் கடன் கொடுக்க 1929இல் சென்னை மத்திய நில அடமான வங்கி ஏற்பட்டது. அதிக வட்டிக்கு இருந்த பழைய ஈட்டை இத்தகைய கடனால் தீர்த்துத் தவணை முறையில் அடைக்க வழி பிறந்தது. கடன் கொடுத்தவர் என்றால் திண்ணையில் அமர்ந்த ஒருவர் என்ற நிலை மாறி, அலுவலகமும் கோப்பும் விதியும் உள்ள நிறுவனம் என்றாயிற்று. பேசும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டியதாயிற்று.

ஐந்து ஏக்கர் குடும்பம்

இனி நம் பொருளுக்கு வருவோம். விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். ஒரு பெரியவருக்கு ஐந்து ஏக்கர் நிலம். முழுவதும் ஈட்டில் இருக்கிறது. முதலும் வட்டியுமாகக் கடன் ஐந்து இலட்சம் ரூபாய். ஏக்கர் நான்கு இலட்சத்துக்குப் போகிறது. இரண்டு ஏக்கரை எட்டு இலட்சத்துக்கு விற்றால் கடனும் தீரும், கையில் மூன்று இலட்சமும் நிற்கும், மூன்று ஏக்கரும் மிஞ்சும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

முதலில் அறிய வேண்டியது: ஈடு துண்டாடப்பட முடியாதது. கடனில் ஐந்தில் இரண்டு பங்கைக் கட்டிவிட்டேன், ஆகவே இரண்டு ஏக்கரை விடுவியுங்கள் என்று கேட்கும் உரிமை கடன்பட்டவருக்கோ, அவரிடம் வாங்கியவருக்கோ இல்லை. மேற்சொன்ன 60ஆம் பிரிவே இதைக் கூறுகிறது. கடன் கொடுத்தவரே நிலத்தில் ஒரு பங்கை வாங்கி உரிமையாளராகிவிட்டாலன்றி, முழுக் கடனும் தீரும் வரை ஒவ்வொரு சென்ட்டும் முழுக் கடனுக்கும் பிணை. அவர் மனமுவந்து ஒரு பகுதியை விடுவித்தால் அது அவர் இசைவு, நம் உரிமையன்று. ஆகவே அவரிடம் நாம் அணுகும்போது, உரிமை கோருபவராக அன்றி, நியாயமான ஏற்பாட்டை முன்வைப்பவராகச் செல்ல வேண்டும்.

இரண்டாவது: ஈட்டில் இருப்பதாலேயே நிலத்தை விற்க முடியாது என்பதில்லை. பொதுச் சட்டப்படி விற்கலாம். ஆனால் வாங்குபவருக்கு நிலம் ஈட்டோடுதான் போகும். பெரியவர் கடனைக் கட்டாவிட்டால், கடன் கொடுத்தவர் விற்ற இரண்டு ஏக்கர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். இதனை மறைத்து விற்பது பெரும் தவறு. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிடில், விற்பவர் அன்றைய வில்லங்கங்களைத் தீர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. வங்கிக் கடன் பத்திரங்களிலோ, வங்கியின் எழுத்து மூலமான இசைவின்றி விற்கக்கூடாது என்ற நிபந்தனை பொதுவாகவே இருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் முன்பணம் வாங்குவது ஆபத்து.

வாங்குபவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒருவர் பல சொத்துக்களை ஒரே கடனுக்கு ஈடு வைத்து, அவற்றுள் ஒன்றை விற்றால், விற்காமல் வைத்திருப்பதிலிருந்தே முதலில் கடனை வசூலிக்க வேண்டும் என்று வாங்கியவர் கேட்கலாம் என்பது 56ஆம் பிரிவு. ஆனால் அதனால் கடன் கொடுத்தவரின் உரிமை குறையக்கூடாது. அதாவது பெரியவர் மீதி வைத்துக்கொண்ட மூன்று ஏக்கரே முதலில் அடிபடும். ‘ஒரு பங்கை விற்றுவிட்டோம், நம் பங்கு காப்பாற்றப்பட்டது’ என்று எண்ணுவோர் இதை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்று வழிகள்

இந்நிலையில் நம்மவர் கையாளும் வழிகள் மூன்று.

முதல் வழி: வாங்குபவர் கிரயத் தொகையில் ஐந்து இலட்சத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, ‘கடனை நானே கட்டிக்கொள்கிறேன்’ என்று பத்திரத்தில் எழுதி, மீதி மூன்று இலட்சத்தை மட்டும் கொடுப்பது. பழைய கிரயப் பத்திரங்களில் இது மிகுதியாகக் காணப்படும். நம்பிக்கையின் மேல் நடப்பது. அவர் கட்டிவிட்டால் நன்று. கட்டாமல் நாள் கடத்தினால் வட்டி ஏறும். கடன் கொடுத்தவர் பெரியவர் மேல்தான் வருவார். ஏனெனில் அவருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் பெரியவரே. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே எழுதிய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. செலுத்தாத கிரயத் தொகைக்காக விற்ற நிலத்தின் மேல் விற்றவருக்கு ஒரு பிடிப்பைச் சட்டம் தந்துள்ளது உண்மைதான். ஆனால் அதற்காக நீதிமன்றப் படியேறுவதற்குள் மூன்று ஏக்கரும் ஏலத்துக்கு வந்துவிடலாம்.

இரண்டாம் வழி: வாங்குபவர், விற்பவர், கடன் கொடுத்தவர் மூவரும் ஒரே நாளில் கூடுவது. கடன் எவ்வளவு என்று கடன் கொடுத்தவரிடம் தேதியிட்ட கணக்கை எழுத்தில் பெற்று, வாங்குபவர் அத்தொகையை அவர் பெயருக்கே நேராகச் செலுத்தி, கடன் தீர்ந்த ரசீதையும் மூலப் பத்திரங்களையும் பெற்றுக்கொண்டு, அன்றே கிரயத்தையும் பதிவு செய்வது. யாருக்கும் யார்மேலும் ஐயம் வேண்டாம். நம் ஐந்து ஏக்கர் குடும்பத்துக்கு ஏற்றது இதுவே. கிரயத் தொகையிலேயே கடன் முழுதும் தீர்வதால், மிஞ்சிய மூன்று ஏக்கரும் ஈட்டிலிருந்து விடுபடும்.

மூன்றாம் வழி: விற்கும் தொகை முழுக் கடனுக்கும் போதாதபோது வேண்டியது. விற்கும் பகுதியை மட்டும் விடுவித்து, மீதி நிலத்தின் மேல் மீதிக் கடனைத் தொடரும்படி கடன் கொடுத்தவரைக் கேட்பது. அவர் இசைந்தால், எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு தொகை வரவு வைக்கப்பட்டது, மீதிக் கடன் எவ்வளவு, தவணை என்ன என்பதெல்லாம் பதிவு செய்த பத்திரத்தில் வர வேண்டும். வாய்ச்சொல் போதாது.

கடன் கொடுத்தவர் கண் கொண்டு பார்த்தல்

பகுதி விடுவிப்புக் கேட்டால் சிலர் உடனே மறுப்பர். அதைக் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடலாகாது. அவர் நிலத்தைப் பார்க்கும் பார்வை வேறு. சாலையோரத்து இரண்டு ஏக்கரை விற்றுவிட்டால், பின்னால் நிற்கும் மூன்று ஏக்கருக்கு வண்டி போக வழி எங்கே? கிணறு விற்ற பங்கில் போய்விட்டால் மீதி நிலம் மானாவாரிதானே? ஐந்தில் மூன்று பங்கு நிலம் மிஞ்சினாலும் மதிப்பில் மூன்று பங்கு மிஞ்சாது. இதை அவர் சொல்லும்முன் நாமே எண்ண வேண்டும். ஏனெனில் அந்த மூன்று ஏக்கர் நம் பிள்ளைகளுக்கானது. பாதைக்கு இத்தனை அடி, கிணற்றில் இத்தனை முறை என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி, புலப்படத்தில் எல்லை காட்டி, உட்பிரிவுக்கு மனுச் செய்துகொண்டு அவரிடம் போனால், பாதித் தயக்கம் அங்கேயே தீரும். விற்ற தொகையில் எவ்வளவு கடனுக்கு வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தவணை தவறியபின் ஒளிந்து திரிபவரைவிட, தவறும்முன் நேரில் வருபவரிடமே எவருக்கும் இரக்கம் பிறக்கும்.

வங்கிக் கடனில் காலம் மிக முக்கியம். 2002ஆம் ஆண்டின் பிணைச் சொத்துச் சட்டப்படி, கடன் தவறிய கணக்குக்கு வங்கி 60 நாள் அறிவிப்பு அனுப்பலாம். அந்த அறிவிப்புக் கிடைத்தபின், வங்கியின் எழுத்து மூலமான முன்னிசைவின்றிச் சொத்தை விற்கலாகாது. 2016இன் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுத் தொகையைச் செலுத்தி மீட்டாக வேண்டும். ஏலம் முடியும் வரை காலமிருக்கிறது என்ற பழைய எண்ணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. விவசாய நிலத்தின் மேலான பிணைக்கு இச்சட்டம் பொருந்தாது எனினும், வீட்டுக்கும் மனைக்கும் பொருந்தும். ஆகவே அறிவிப்புக் கடிதத்தைப் பிரிக்காமல் பரண்மேல் போடுவது கூடாது.

கடன் தீர்ந்தபின் பத்திரத்துக்கு அலைந்தவர்கள் நம்மிடையே பலர். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் வெளியிட்ட கட்டளைப்படி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். தனியாரிடம் பட்ட கடனிலும் வழியுண்டு. பணம் கொடுத்தும் வாங்க மறுத்து இழுத்தடிப்பவர் இருந்தால், 83ஆம் பிரிவுப்படி தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். முறைப்படி கட்டியபின் வட்டி ஓடாது.

பத்திரம் யாரிடம் இருக்கும் என்பதும் சண்டைக்கு இடமாகும். விற்பவர் நிலத்தில் ஒரு பகுதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் மூலப் பத்திரத்தை அவரே வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் கேட்கும்போது காட்டவும் நகல் தரவும் கடமைப்பட்டவர். வாங்குபவர் வில்லங்கச் சான்று பார்ப்பது நன்று. ஆனால் பதிவு செய்யாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய கடன் அச்சான்றில் தோன்றாது. மூலப் பத்திரம் எங்கே என்று கேட்பதே அதற்கு மருந்து.

கோயில் சொத்தும் இவ்வாறே

நம் வீட்டுச் சொத்துக்குச் சொன்னது, பங்கின் சொத்துக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருச்சபைச் சொத்தை விற்பதற்கு மட்டுமன்றி, அதன் நிலையைத் தாழ்த்தக்கூடிய எந்தச் செயலுக்கும் அதே கட்டுப்பாடுகளை விதிக்கிறது. ஈடு வைத்தலும் இதில் அடங்கும். தகுந்த காரணமும், அறிந்தவர் எழுத்தில் தந்த மதிப்பீடும் தேவை. 1292ஆம் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பிரிக்கக்கூடிய சொத்தாயின், முன்பு எந்தெந்தப் பகுதி விற்கப்பட்டது என்பதை அனுமதி கேட்கும்போதே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் பெற்ற அனுமதி செல்லாது. சிறிது சிறிதாக விற்றே ஒரு பெரிய சொத்து கரைந்துபோகும் என்பதை நன்கு அறிந்தவர்கள் எழுதிய விதி அது. நம் குடும்பங்களுக்கும் இது நல்ல பாடமன்றோ? இன்று இரண்டு ஏக்கர் விற்க முடிவு செய்பவர், இதற்கு முன் விற்றவை எத்தனை என்று வீட்டாரைக் கூட்டி ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

முடிவாக

நிலம் என்பது வெறும் மண்ணன்று. அதில் தாத்தாவின் வேர்வையும், பாட்டி நட்ட மரமும், பிள்ளைகள் விளையாடிய வரப்பும் இருக்கின்றன. ஒரு பங்கை விற்க நேர்வது மானக்கேடு என்று பலர் மறைக்கின்றனர். மறைப்பதால்தான் வாங்குபவரிடம் விலை குறைகிறது. கடன் கொடுத்தவரிடம் நம்பிக்கை குறைகிறது. வீட்டில் மனைவி மக்களிடம் சொல்லாத கடன் ஒரு நாள் ஏலத் தண்டோராவாக ஒலிக்கிறது. திருநூலே ஏழையாகிப்போன சகோதரனைப் பற்றிப் பேசும்போது அவனைப் பழிக்கவில்லை. மீட்பவன் யார் என்றுதான் கேட்கிறது. பத்திரம் படித்துச் சொல்லத் தெரிந்த பங்கு இளைஞர்கள், எழுத்தறியாத ஒரு பெரியவரோடு வங்கிக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ ஒரு நாள் துணைக்குப் போனால், அதுவும் மீட்புப் பணியே. பெரிய தொகையாயின் நம்பிக்கையான வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டிய பின்னரே முன்பணம் வாங்குதல் நலம்.

ஐம்பதாம் ஆண்டில் நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் கனவு. நம் பொன்விழா ஆண்டில், நம் பங்கிலுள்ள எந்தக் குடும்பத்தின் கடைசி ஏக்கரும் அறியாமையால் கைமாறாதிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுதல். தகரப் பெட்டியைத் திறந்து, பத்திரங்களை ஒருமுறை வெயிலில் உலர்த்தி, பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுங்கள். விழாவின் நினைவாக ஒவ்வொரு வீடும் இதைச் செய்தால் நாம் எழுதியதன் பயனைப் பெற்றவர்களாவோம்.